பீரோவில் வைத்த பெட்டி

சாவி என்கிட்டத்தானுங்க இருக்குது. தர்றேன், தராம எங்க போகப்போறேன். சித்தெ உக்காருங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆட்டம். இதுல உக்காருங்க. கம்பெனியில இருந்து வர்றவங்க எல்லாரும் இப்படித்தான், வண்டியை நிறுத்துன கையோட டவரு கேட்டோட சாவியைக் குடுங்கன்னு நிப்பாங்க. டவரு எங்கயும் ஓடிப்போயிடாதுங்க.

மோர் குடிங்க. நானே கலக்குனது, உப்பு கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். ஊட்டுல பொம்பளை ஆளு இல்லை. சம்பூரணம், என்ற சம்சாரம், பக்கத்து ஊட்டுல கல்யாண வேலையா இருக்கறா. பக்கத்து ஊடுன்னா அந்தா, அந்தத் தகரத்துக்கு அக்கட்டால. என்ற தங்கச்சி மரகதத்தோட ஊடு. அவ பொண்ணு யமுனாவுக்கு வர்ற புதன்கிழமை கல்யாணம். பந்தல்காரன் வந்து மூங்கில் எறக்கிட்டான், மைக்செட்டும் வந்துருச்சு. பொண்ணோட சொந்தத் தாய்மாமன் நான், இங்க உக்காந்து உங்களுக்கு மோர் ஊத்திட்டு இருக்கறேன். ஏன்னு நீங்க கேக்க மாட்டீங்க. படிச்சவங்க, அடுத்தவங்க சங்கதியில தலையிட மாட்டீங்க. நானே சொல்றேன்.

போனை எடுத்துப் பாத்துட்டுப் பைக்குள்ள போட்டுக்கறீங்க. பேசறதுன்னா பேசுங்க தம்பி, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். இங்க சிக்னலுக்கா பஞ்சம்? டவருக்கு அடியிலயே உக்காந்திருக்கறோம். எனக்குத்தான் காலையில இருந்து ஒரு போன் வரலை. அது இங்க வழக்கம்தான்.

இந்த டவரை ஊருக்குள்ள நடறதுக்கு ஒருத்தனும் உடலைங்க. குருவி செத்துப்போயிரும், கொழந்தைகளுக்குத் தலைவலி வரும், தென்னை காய்க்காதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நான்தான் என்ற காட்டு மூலையில எடம் குடுத்தேன். அதுக்கு முன்னாடி இந்த ஊர்ல ஒரு போன் பேசணும்னா தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு ஒரு காதைப் பொத்திக்கிட்டுக் கத்தணும். ஒரு ஏவாரம், ஒரு சாவு, ஒரு கல்யாணம், எல்லாம் தொட்டி மேல நின்னுதான். இப்பக் கட்டில்ல படுத்துட்டே பேசறாங்க. ஆரால? எல்லாம் என்னாலதான். அந்த நெனப்பு ஒருத்தனுக்காச்சும் இருக்குமான்னா, இருக்காதுங்க. கொஞ்ச நாள் டவர்க்காரர்னு மரியாதையாக் கூப்பிட்டாங்க. அப்பறம் அதுவும் நின்னுபோச்சு.

மரகதத்தோட ஊட்டுக்காரர் போய்ச் சேந்துட்டாருங்க. அவ பாகத்துக்கு வந்த காட்டுல மல்பெரி வச்சு, பட்டுப்புழு ஷெட்டுப் போட்டுப் பொழச்சுக்கிட்டு இருக்கறா. யமுனா கோயமுத்தூர்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சுட்டு வந்தா. படிச்ச புள்ளை ஏதாச்சும் கம்பெனிக்குப் போவான்னு பாத்தா, போனா, ஒரு வருசத்துல திரும்பி வந்துட்டா. அம்மாவோட சேந்து புழு வளத்துக்கிட்டே எதையோ நோண்டிக்கிட்டு இருந்தா. ஒரு நாள் பாத்தா ஷெட்டுக்குள்ள அங்கங்க ஒண்ணு தொங்குது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை அட்டை, அதுல செம்புல கோலம் போட்ட மாதிரி கோடு. அதைப் பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடியிருந்தா. நாங்க பெட்டின்னுதான் சொல்றது. ஒயர் கெடையாது, பேட்டரி கெடையாது. ஆனா ஷெட்டுக்குள்ள எத்தனை சூடு, எத்தனை ஈரம்னு அவ போனுக்குச் சொல்லிட்டே இருக்கும்.

பட்டுப்புழு உங்களுக்குத் தெரியுமுங்களா? பச்சைக் கொழந்தை மாதிரி. கொஞ்சம் சூடு ஏறுனாத் தழை திங்காது. அதுவும் கூடு கட்டறதுக்கு முந்துன பருவம் இருக்குதே, அப்பத்தான் பயங்கரமாத் திங்கும், அப்பத்தான் சூடும் ஆகாது. வெயில் ஏறுச்சுன்னா சன்னல்ல சாக்கை நனைச்சுக் கட்டித் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும். மரகதம் மல்பெரிக் காட்டுல தழை அறுக்கறப்போ போனைப் பாப்பா. சூடுன்னு காட்டுனா ஓடி வந்து சாக்கை நனைப்பா.

நான் கேட்டேன், ஏன் அம்மணி, பேட்டரி இல்லாம இது எதுல ஓடுதுன்னு. அவ சொல்றா, "உங்க டவருலதான் மாமா. டவரு நாலாப்பக்கமும் அலை உட்டுக்கிட்டே இருக்குதுல்ல, அதுல போனுக்குப் போய்ச் சேர்றது கொஞ்சூண்டு. மிச்சமெல்லாம் சொவத்துலயும் மரத்துலயும் முட்டி வீணாப் போகுது. அந்த வீணாப் போறதை இந்தச் செம்புக் கோடு புடிச்சு, துளித்துளியாச் சேத்து வைக்கும். போதுமான அளவு சேந்ததும் ஒருக்காச் சூட்டைப் பாத்து என் போனுக்குச் சொல்லிட்டு, மறுபடியும் தூங்கிரும்." 

சிரிச்சுட்டேதான் சொன்னா. நானும் சிரிச்சேன். என்ற டவருன்னு அவ வாயால சொன்னதுல எனக்கு அன்னைக்குச் சந்தோசந்தானுங்க. இல்லைன்னு சொன்னாப் பொய்.

மொதல்ல செஞ்ச பெட்டியில ஒண்ணை எனக்குத்தான் கொண்டாந்து குடுத்தா. "உங்க ஊட்டு ஓடு ரொம்பச் சூடு அடிக்குது மாமா, அத்தைக்குப் படபடன்னு வருது. இதை டவரைப் பாத்த சன்னல்ல தொங்க உடுங்க. வெக்கை அதிகமானா எனக்குத் தெரியும், நான் வந்து பாத்துக்குவேன்"ன்னா. சரின்னு வாங்கி வச்சேன். ஒரு புள்ளை ஆசையாக் குடுத்த நல்ல பொருளை ஆராச்சும் சன்னல்ல தொங்க உடுவாங்களா? பட்டுச்சேலை, காட்டுப் பத்திரமெல்லாம் இருக்கற பீரோவுல பத்திரமா வச்சுப் பூட்டுனேன். அடுத்த நாள் வந்து நிக்கறா, பெட்டி பேச மாட்டேங்குதே மாமான்னு. பீரோவைத் தொறந்து காட்டுனேன். உழுந்து உழுந்து சிரிச்சா. "பீரோ இரும்பு மாமா. இரும்பு, தகரம் இதெல்லாம் அலையை உள்ள உடாது. இதுக்குள்ள வச்சா அது சோறு தண்ணி இல்லாமக் கெடக்கும்"னு சொல்லி, அவளே சன்னல்ல மாட்டிட்டுப் போனா. அதெல்லாம் நான் சரியாக் காதுல வாங்கலைங்க. நமக்கு எதுக்கு அந்த சயின்ஸ் எல்லாம்.

அப்பறம் ஒரு சங்கதி. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, பேச்சு வாக்குல சொல்றேன். என்ற பையன் கதிர்வேலு திருப்பூர்ல இருக்கறான். யமுனாவுக்கு மொறைப்பையன். அந்தத் தை மாசம் வெத்தலை பாக்கு எடுத்துக்கிட்டு மரகதம் ஊட்டுக்குப் போய்ப் பொண்ணு கேட்டேன். கேக்கறதே மரியாதைக்குத்தான், தாய்மாமன் ஊட்டுக்கு இல்லாம வேற எங்க குடுக்கப்போறாங்க? மரகதம் பொண்ணு மொகத்தைப் பாத்தா. பொண்ணு சொல்றா, "கதிரை நான் சின்னதுல இருந்து அண்ணன் மாதிரியே நெனச்சுட்டேன் மாமா." அண்ணனாமுங்க. மொறைப்பையனைப் போய் அண்ணன்னு சொல்ற பொண்ணை எங்கயாச்சும் கண்டிருக்கீங்களா? தட்டை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அதோட அதை மறந்தும் போயிட்டேன். மனசுல வச்சுக்கற ஆளில்லைங்க நான்.

அதுக்கு அப்பறம் பாருங்க, மாசி கடைசியோ என்னமோ, டீக்கடையில உக்காந்திருக்கறேன். ஒருத்தன் எகத்தாளமாக் கேக்கறான், "என்னுங்க டவர்க்காரரே, உங்க மருமக உங்க டவருலயே கொக்கி போட்டுட்டாளாமா?" கடையே சிரிக்குது. கொக்கின்னா தெரியுமில்லீங்க, கரண்டு கம்பியில திருட்டுத்தனமா ஒயரை மாட்டி இழுக்கறது. பொண்ணுக் குடுக்க மாட்டாங்களாமா, கொக்கி மட்டும் போட்டுக்குவாங்களாமான்னு இன்னொருத்தன். டீயை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சேன்.

நேரா மரகதம் ஊட்டுக்குத்தான் போனேன். யமுனாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், என்னை ஒரு வார்த்தை கேட்டியான்னு. அவளுக்குப் புரியலை. "எதைக் கேக்கறது மாமா?" அலையை எடுத்துக்கட்டுமான்னு கேட்டியா? "அதை எடுக்கறதுனால உங்களுக்கு ஒண்ணும் கொறையாது மாமா. வெயில்ல துணி காயப் போட்டா வெயிலு கொறைஞ்சிருமா?" வெயிலு என்ற காட்டுல நிக்கலை அம்மணி, டவருதான் நிக்குதுன்னேன். அப்பறம் மெதுவாச் சொன்னா, "அப்படின்னா இப்பக் கேக்கறேன் மாமா. எடுத்துக்கட்டுமா?" 

அந்தக் கேள்விக்கு அன்னைக்கே சரின்னு சொல்லியிருக்கலாமேன்னு சம்பூரணம் இன்னைக்கும் சொல்லுவா. எப்படிங்க சொல்றது? எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, நான் போய்க் கேட்டதுக்கு அப்பறம் கேட்டா அது கேக்கறதா? மொதல்லயே கேட்டிருந்தா நான் இல்லைன்னா சொல்லியிருப்பேன்? அள்ளிக்கோ அம்மணின்னு சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தைக்குத்தான் பஞ்சம்.

அதுக்கப்பறந்தான் எனக்குப் போன் பேசறப்பெல்லாம் கட்டாக ஆரம்பிச்சுது. கதிர்வேலு பேசிட்டே இருப்பான், "சரிப்பா வைக்கறேன்"னு பாதியிலயே போயிரும். டவருக்கு அடியில இருக்கறவனுக்கு எப்படிங்க கட்டாகும்? அக்கட்டால உறிஞ்சறாங்க, அதான். உங்க ஆபீசுல இருந்து வந்த ஒருத்தர்கிட்டச் சொன்னேன். சிரிச்சாரு. ஐயா, அந்தப் புள்ளை எடுக்கறது எறும்பு தூக்கிட்டுப் போற சர்க்கரைங்கன்னாரு. எறும்புன்னாலும் ஆரு ஊட்டுச் சர்க்கரைங்கறதுதானே கேள்வி.

சரி, தகரத்துக்கு வர்றேன். உங்க கண்ணு அங்கயேதான் போகுது, வந்ததுல இருந்து பாக்கறேன். அது ஆட்டுக்காகப் போட்டதுங்க. என்கிட்ட ரெண்டு ஆடு இருந்துது. ரெண்டும் மரகதத்தோட மல்பெரியைத் திங்கப் போயிரும். அடுத்தவங்க வெள்ளாமையை நம்ம ஆடு திங்கலாமா? அதான் எல்லை நெடுக்க இரும்புக் காலை நட்டுத் தகரம் அடிச்சேன். என்ற எடத்துல, என்ற காசுல. கொஞ்சம் உசரமாப் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. தென்னையில பாதி இருக்கும். எங்க ஆடு நல்லாத் தாண்டுமுங்க. அரைகொறையாப் போட்டு என்ன பிரயோசனம்? ஷெட்டுக்கும் டவருக்கும் நடுவுல வந்துருச்சுன்னா, எல்லை அங்கதானுங்க இருக்குது. எல்லையை நான் நகத்த முடியுமா?

தகரம் அடிச்ச நேரத்துல யமுனா ஊர்ல இல்லை. அது தற்செயல். கோயமுத்தூர்ல அவ படிச்ச காலேஜுல பெரிய பெரிய ஆளுங்க வந்திருந்தாங்களாமா, பெட்டியைக் காட்டறதுக்காக நாலு நாள் போயிருந்தா. அவ போன அன்னைக்கு மத்தியானம் ஆளுங்க வந்தாங்க, பொழுது சாயறதுக்குள்ள வேலை முடிஞ்சுது. மரகதம் வேலியோரம் வந்து நின்னு பாத்தா. என்னண்ணா இதுன்னா. ஆடுன்னேன். சரிண்ணான்னு போயிட்டா. அவ ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேனே. சொல்லலை.

பெட்டி எல்லாம் நின்னுபோச்சுங்க. ஆனா அதுலதான் ஒரு கோளாறு. பெட்டி நின்னாலும் போன்ல கடைசியா வந்த நம்பரு அப்படியே நிக்குது. மரகதம் மல்பெரிக் காட்டுல நின்னுக்கிட்டுப் பாக்கறா, ஷெட்டு குளுகுளுன்னு இருக்கறதாக் காட்டுது. நல்ல பங்குனி வெயிலு. தகரம் காத்தை வேற அடைச்சுப்போட்டு, வெயிலை அப்படியே ஷெட்டு மேல திருப்பி அடிக்குது. காலையிலயும் பொழுது சாயறப்பவும் தழை போடறப்பத்தான் உள்ள போவா, அப்ப அத்தனை சூடு தெரியாது. நடுமத்தியானம் உள்ள ஆரும் போறதில்லை. போன்தான் சொல்லுதே. ரெண்டு நாள் சாக்கை நனைக்கவே இல்லை. ஒரே நம்பரு மாறாம நிக்குதேன்னு அவளுக்காச்சும் தோண வேண்டாமா? படிச்ச புள்ளையைப் பெத்தவ. நான் கேக்கறது ஞாயந்தானுங்களே?

அடுத்த நாள் உள்ள போய்ப் பாத்தா, தட்டுத் தட்டாப் புழு தலையைத் தொங்கப் போட்டுக் கெடக்குது. கூடு கட்ட இன்னும் ஒரு வாரங்கூட இல்லைங்க. அத்தனை தழை தின்னு வளந்த புழு, வெரலு தண்டி இருக்கும். கறுத்துப் போயி, தொட்டாத் தண்ணியா ஒழுகுது. மரகதம் போட்ட சத்தம் இங்க கேட்டுது. நானும் ஓடுனேன். தகரத்தைச் சுத்தி வரணுமே, நேரமாயிப்போச்சு. நான் போனப்ப அவ ஷெட்டு வாசல்ல உக்காந்து ரெண்டு கையிலயும் புழுவை அள்ளி வச்சுக்கிட்டு இருந்தா. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. கூடப் பொறந்தவளாச்சே.

அதே நேரத்துல அங்க கோயமுத்தூர்ல யமுனா மேடையில நின்னு போனைத் தூக்கிக் காட்டிட்டு இருந்தாளாம். "பாருங்க, இது இந்த நிமிசம் எங்க ஷெட்டுல இருக்கற சூடு. பேட்டரி இல்லை, ஒயர் இல்லை, எங்க மாமா டவருல இருந்து வர்ற அலையிலதான் இது பேசுது"ன்னு. எங்க மாமான்னு சொல்லியிருக்கறாளுங்க. அந்த மேடையில என்னைப் பத்திச் சொல்லியிருக்கறா. கீழ எறங்கி வர்றதுக்குள்ள அம்மாகிட்ட இருந்து போன். காட்டுனதெல்லாம் பழைய நம்பருன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. பெட்டியை வாங்கிக்கறோம்னு சொன்னவங்க, பாத்துச் சொல்றோம்னு கெளம்பிட்டாங்களாம். சம்பூரணம்தான் இதெல்லாம் சொன்னா. என்கிட்ட ஆரு சொல்றாங்க.

ஊருக்கு வந்த யமுனா அழுவலை, சண்டை போடலை. நேரா என்ற காட்டுக்கு வந்து, அந்தத் தகரத்துக்குப் பக்கத்துல நின்னு மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தா. கையால ரெண்டு தட்டுத் தட்டுனா. அப்பறம் என்னைத் திரும்பிப் பாத்து, "பீரோ ஞாபகம் இருக்குதா மாமா?"ன்னா. அவ்வளவுதான். போயிட்டா. 

எதுக்கு அதைக் கேட்டான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலைங்க. எங்க ஊட்டுப் பீரோவுக்கும் அவ புழுவுக்கும் என்ன சம்பந்தம்?

அதுல இருந்து என்கிட்டப் பேச்சு இல்லை. மரகதமும் இல்லை. என்ன செஞ்சுட்டேன் நான்? பேட்டரி போட்டுக்கலாமில்ல? இப்பப் போட்டிருக்கறா, ஷெட்டுல எல்லாம் பேட்டரிப் பெட்டிதான். அன்னைக்கே போட்டிருந்தா இதெல்லாம் உண்டா? இன்னொண்ணும் செஞ்சா. பெட்டி பேச்சை நிறுத்துனா அவ போன்ல மணி அடிக்கற மாதிரி வச்சுட்டா. பழைய நம்பரை நம்பி இனி ஏமாறக் கூடாதுன்னு. அதைப் புழுச் சாகறதுக்கு முன்னாடியே செஞ்சிருக்கணும், நீங்களே சொல்லுங்க, தப்பு ஆரு மேல?

எங்க ஊட்டுச் சன்னல்ல தொங்குது பாருங்க, அது மட்டும் பழைய பெட்டி. டவரைப் பாத்த பக்கம், தகரம் மறைக்காது. அதைக் கழட்டச் சொல்லி யமுனா கேக்கலை, நாங்களும் குடுக்கலை. ஒரு நாள் சம்பூரணம் சன்னலைத் தொடைக்கறப்போ அதைக் கழட்டி அரிசி போடற தகர ட்ரம்முக்குள்ள வச்சுட்டா. கொஞ்ச நேரந்தான், அவளுக்குப் போன் வருது. "அத்தை, உங்களுக்கு ஒண்ணும் இல்லீல்ல? பெட்டி நின்னுருச்சே." எனக்கு வந்துது பாருங்க கோவம். என்ற ஊட்டுக்குள்ள நடக்கறதை அங்க உக்காந்து பாத்துட்டு இருக்கறாளா? இதுக்குப் பேரு வேவு பாக்கறதுன்னேன். சம்பூரணம் என்னை ஒரு மாதிரியாப் பாத்தா. "பேச்சு நின்னுபோன மனுசனோட ஊட்டுலயும் ஆளு நல்லா இருக்குதான்னு பாக்கறவ அவ ஒருத்திதான். அதையும் கெடுக்காதீங்க"ன்னா. அப்பறம், ரொம்ப நாளாக் கேக்கணும்னு வச்சிருந்த மாதிரி, "ஆட்டுக்கு எதுக்குங்க அத்தனை உசரம்?"னு கேட்டா. நம்ம ஆடு தாண்டும்னேன். அந்த வாரத்துல அவ ஆடு ரெண்டையும் ஓட்டிக்கிட்டு மரகதம் ஊட்டுக்குப் போயிட்டா. கல்யாண வேலைக்கு. அப்ப மாப்பிள்ளை பாக்க ஆரம்பிக்கலை, ஆனாலும் வேலை இருக்குமில்லீங்க.

இப்ப மாப்பிள்ளை கோயமுத்தூர்க்காரன், அவளோட படிச்சவனாமா. நல்ல பையன்தான்னு சொல்றாங்க. ஊரெல்லாம் பத்திரிகை வச்சாச்சு. எனக்குத்தான் இல்லை. தாய்மாமன் எடத்துல எங்க பெரியப்பன் மகன் சென்னியப்பன் நிக்கப் போறானாம். அவனுக்கு மொறை தெரியுமா? மாலை எந்தக் கையில வாங்கறதுன்னு தெரியுமா? நான் யமுனாவுக்குக் காது குத்தறப்போ மடியில வச்சிருந்தவனுங்க. அவ கத்துன கத்துல என்ற சட்டையைப் பல்லுல கடிச்சுக் கிழிச்சுப்போட்டா. அந்தச் சட்டை இன்னும் இருக்குது, அதே பீரோவுல.

தனியா இருந்தாச் சாமானை ஒதுங்க வைக்கறப்போ எதை எங்க வச்சோம்னு தெரியறதில்லைங்க. ஒரு நாள் அப்படித்தான், தெரியாம அந்தப் பெட்டியைப் பீரோவுல வச்சுட்டேன். நானும் சும்மா போனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அடிச்சுது. யமுனாதான். எத்தனை மாசத்துக்கு அப்பறம் அவ கொரலு. "மாமா? நல்லா இருக்கீங்களா மாமா?" ராங் நம்பருன்னு சொல்லி வச்சுட்டேன். 

அப்பறமும் ஒண்ணு ரெண்டு தடவை அப்படித் தெரியாம வச்சிருக்கறேன். ஒருக்கா யமுனா பேசுனா, நான் இருமுனேன், நல்லாத்தான் இருக்கறாருன்னு பக்கத்துல ஆருக்கோ சொல்லிட்டு வச்சுட்டா. இன்னொருக்காச் சம்பூரணம் கூப்பிட்டா. "எடுத்து வெளிய வைங்க." அது ஒண்ணுதான் பேச்சு. போன வாரம் வச்சப்போ ஆரும் கூப்பிடலை. ரொம்ப நேரம் உள்ளயே வச்சிருந்தேன். பூட்டி வச்சாத்தான் அலை போகாதோன்னு பூட்டியுங்கூடப் பாத்தேன். அப்பறம் நானே எடுத்துச் சன்னல்ல மாட்டிட்டேன். தூசி படிஞ்சா சரியா வாங்காதோன்னு தொடைச்சுத்தான் மாட்டுனேன்.

சரி, சாவி இந்தாங்க. உங்க நேரத்தைப் புடிச்சுக்கிட்டேன். ஒரே ஒரு ஒத்தாசை தம்பி. புதன்கிழமை வரைக்கும் இந்த டவரு எந்தக் கோளாறும் இல்லாம ஓடணும், அதைப் பாத்துக் குடுத்துட்டுப் போங்க. கல்யாணத்துக்கு வர்றவங்க எங்க எறங்கறது, எப்படி வர்றதுன்னு ஆயிரம் போன் பண்ணுவாங்க. போட்டோ எடுத்து அனுப்புவாங்க. அத்தனையும் இதுல ஏறித்தானே போகணும்? தாய்மாமன் சீரு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இந்தச் சீரை எப்படி வேண்டாம்பாங்க? அவங்களுக்குத் தெரியாமயே வந்து சேருமில்லீங்க. நான் அங்க போகலைன்னாலும் என்ற கையில இருந்து ஒண்ணு போகுது.

என்னுங்க?

கழட்டவா? எதைக் கழட்ட? 

ரோட்டோரமாப் புது டவரு போட்டாச்சு, இது வேண்டாமுங்களா. ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு லெட்டர் அனுப்பியிருந்தாங்களா? இருக்கும், ஏதோ வந்துது, இங்கிலீசுல இருந்துதுன்னு வச்சுட்டேன். சரிங்க, கழட்டுங்க. கழட்ட வேண்டியதுதான். புதன்கிழமை முடிஞ்சதும் கழட்டுங்களேன். அதுவரைக்கும் ஓடட்டும். 

காலையிலயே நிறுத்திட்டாங்களா? ஆபீசுல இருந்தபடியேவா?

இருங்க, என்ற போனைப் பாக்கறேன். ஆமாங்க. சிக்னல் ஒரு கோடுங்கூட இல்லை. நீங்க வந்தப்பவே பாத்துட்டீங்க, என்கிட்டச் சொல்லலை. டவரு மிஷினு எப்பவும் ஙொய்யுன்னு எரைஞ்சுட்டே இருக்கும். பழகிப்போனதுல அது நின்னதுகூட என்ற காதுக்குத் தெரியலை பாருங்க. புது டவரு இந்தப் பள்ளத்துக்கு எட்டுமுங்களா? எட்டினாலும் கொஞ்சந்தானா. பெட்டிக்குப் பத்தாதுங்களா. சரி.

அப்பப் பெட்டி காலையிலயே நின்னுருக்கும். மணி அடிச்சிருக்கும். அவ கூப்பிட்டிருந்தாலும் எனக்கு வந்திருக்காது. அந்த ஊட்டுல இருந்து எட்டிப் பாக்க முடியாது, தகரம் மறைக்குது. சுத்திக்கிட்டு வர்றதுன்னாலும் இந்நேரத்துக்கு வந்திருக்கலாம், காலையில இருந்து ஆகுது. வரலைங்க. ஆரும் வரலை. கெழவன் மறுபடியும் பெட்டியைப் பீரோவுல வச்சுட்டான்னு நெனச்சிருப்பாங்க. 

போறப்போ அந்தப் பக்கமாத்தானே போவீங்க தம்பி? பந்தல் போட்டிருக்கற ஊடு. கண்ணாடி போட்ட புள்ளை ஒண்ணு இருக்கும், அதுதான் யமுனா. அவகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. இந்தத் தடவை பெட்டியை நிறுத்துனது நான் இல்லைன்னு சொல்லுங்க.